செஸ்னா 172-க்கு ஆட்டோபைலட்: நாங்கள் எதை எடுத்தோம், ஏன்

எங்களுடையது 1976-ஆம் வருட செஸ்னா 172எம், 150 குதிரைசக்தி லைக்கமிங் இன்ஜின். மூன்று பேர் பங்கு போட்டு வாங்கி, டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே ஜார்ஜ்டவுன் விமான நிலையத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். வாங்கும்போதே பேனலில் அந்தக் காலத்து நாவ்-ஓ-மேட்டிக் 300ஏ ஆட்டோபைலட் இருந்தது, ஆனால் அதை யாரும் நம்பித் தொட்டு வருஷக்கணக்காகியிருந்தது, போட்டால் விமானம் தொட்டில் மாதிரி இடமும் வலமுமாக ஆடும். போன வருடம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வைப்பது என்று முடிவு செய்தோம். எட்டு மாதம் தேடல், மூன்று ஷாப்பில் கொட்டேஷன், அப்புறம் விமானம் இல்லாமல் ஏழு வாரம். இப்போது அதே யோசனையில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் கேட்கிறார்கள், எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. எந்த ஆட்டோபைலட் பெட்டியில் எத்தனை பொத்தான் இருக்கிறது, எது அழகாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்காதீர்கள், நாங்கள் அப்படித் தொடங்கித்தான் மூன்று மாதத்தை வீணாக்கினோம். நீங்கள் பறக்கிற விதத்தில் மிக மோசமான பத்து நிமிடம் எதுவாக இருக்கும், அந்தப் பத்து நிமிடத்தில் இந்தக் கருவி வேலை செய்துகொண்டிருக்குமா, அது எந்த மீட்டரை நம்பி ஓடுகிறது: இதை முதலில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பாதிப் பெட்டிகள் தானாக விலகிவிடும்.

என்னுடைய மோசமான பத்து நிமிடம் எனக்கு நன்றாகவே தெரியும். ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாண்டில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, அம்மா ஊரிலிருந்து வந்தால் அங்கே போயே ஆக வேண்டும், விமானத்தில் போனால் ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். பிரச்சினை கடலோரம். வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று ஏறி, காலையில் ஆயிரம் அடி உயரத்தில் பாய் விரித்த மாதிரி மேகம் படுத்துக் கிடக்கும். என்னிடம் ஐ.எஃப்.ஆர். ரேட்டிங், அதாவது வெளியே பார்க்காமல் மீட்டர்களை மட்டும் நம்பிப் பறக்கிற அனுமதி இருக்கிறது, மேகத்துக்குள் போகலாம், போயிருக்கிறேன். ஒரு நாள் மேகத்துக்குள் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஹூஸ்டன் கன்ட்ரோலர் வழியை மாற்றிப் புது கிளியரன்ஸ் படித்தார். பேனாவை எடுத்து எழுதி, திருப்பிச் சொல்லி, ஜி.பி.எஸ்.ஸில் புது வே-பாயிண்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் விமானம் 25 டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, 300 அடி இறங்கியிருக்கிறது. உடம்பு ஒன்றையும் உணரவில்லை, நேராகப் போகிற மாதிரியேதான் இருந்தது. அரை நிமிடத்துக்கும் குறைவான கவனக்குறைவு. சமாளித்து இறங்கிவிட்டேன், ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் மற்ற இரண்டு பேருக்கும் போன் செய்து ஆட்டோபைலட் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

இது எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 1954-இல் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், மேகத்துக்குள் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெளியே பார்க்க முடியாதபடி செய்ததும் 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடியில். அவர்களில் பெரும்பாலானோருக்கு நடந்தது ஒன்றுதான்: சாய்வு மெல்ல அதிகமாகி, மூக்கு கீழே போய், வேகம் ஏறி, சுழன்று இறங்குவது. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சரியாக டிரிம் செய்த, அதாவது கையை எடுத்தாலும் ஒரே வேகத்தில் போகும்படி சக்கரத்தைச் சுற்றி அமைத்த செஸ்னா மூக்கை ஏறக்குறைய தானாகவே பார்த்துக்கொள்ளும், டிரிம் செய்த வேகத்துக்குத் திரும்பி வரப் பார்க்கும். சாய்வில் அந்தக் குணம் கிடையாது, ஒருமுறை ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் விட்டால் சாய்ந்துகொண்டே போகும். அதனால் இறக்கையை மட்டும் மட்டமாக வைக்கிற மிக எளிய ஒற்றை அச்சு ஆட்டோபைலட்டே மேகத்துக்குள் ஆளைக் கொல்வதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். உயரம் பிடிப்பது, ஏறி இறங்குவது, அப்ரோச்சை, அதாவது ஓடுபாதைக்கு இறங்கும் வழியைத் தானே பறப்பது எல்லாம் நல்லதுதான், வசதிதான், ஆனால் அதெல்லாம் அதற்கு அப்புறம்.

தனியாகப் பறக்கிறவனுக்கு இது இரண்டாவது விமானி என்பது ஒரு பேச்சுக்காகச் சொல்வதில்லை. வைலி போஸ்ட் 1931-இல் நேவிகேட்டர் ஹரால்ட் கேட்டியை உட்கார வைத்துக்கொண்டு உலகைச் சுற்றினார், எட்டு நாளுக்கு மேல் ஆனது. 1933-இல் அதே லாக்ஹீட் வேகா விமானத்தில் ஸ்பெர்ரி ஆட்டோபைலட்டைப் போட்டுக்கொண்டு தன்னந்தனியாகச் சுற்றினார், 7 நாள் 18 மணி 49 நிமிடம். அமெரிக்க விதிகளும் இதை ஒப்புக்கொள்கின்றன: வாடகைக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஐ.எஃப்.ஆர். பறக்கிறவர்களுக்கு இரண்டாவது விமானி வேண்டும், அதற்குப் பதிலாக சாய்வு, மூக்கின் ஏற்ற இறக்கம், இட வலத் திருப்பம் மூன்றையும் பார்த்துக்கொள்கிற, அனுமதி பெற்ற மூன்றச்சு ஆட்டோபைலட் இருந்தால் போதும் என்று 135-ஆம் பகுதியிலேயே இருக்கிறது.

சரி, அது எதை நம்பி ஓடுகிறது என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் விலைப்பட்டியலில் இது தெரியாது. பழைய செஞ்சுரி வகை ஆட்டோபைலட்களில் பலவும் பேனலில் இருக்கிற, காற்றை உறிஞ்சும் பம்பால் சுழல்கிற வேக்யூம் கைரோவிலிருந்தே சாய்வைத் தெரிந்துகொள்கின்றன. இன்ஜினில் மாட்டியிருக்கும் அந்த வேக்யூம் பம்ப் போனால் சாய்வைக் காட்டுகிற செயற்கை அடிவானமும் போகும், ஆட்டோபைலட்டும் அதோடு சேர்ந்து போகும், அதாவது எந்த நொடியில் உதவி வேண்டுமோ அந்த நொடியில் இரண்டும் ஒன்றாகக் கைவிடும். எஸ்-டெக் 20, 30, 50, 55எக்ஸ் எல்லாம் வேறு வழியில் போனவை, மின்சாரத்தில் ஓடுகிற, திருப்பத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் என்கிற மீட்டரை நம்புபவை. அதனால் வேக்யூம் போனாலும் அவை இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் மந்தம், காற்று குலுக்கினால் அலையும், ஆனாலும் அந்த ஒரு குணத்துக்காக எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. இப்போது வருகிற டிஜிட்டல் பெட்டிகளில் சுற்றுகிற கைரோவே கிடையாது, எல்லாம் சின்ன சென்சார் சில்லுகள்.

இந்தப் புதுப் பெட்டிகள் நம் விலைக்கு வந்ததே சமீபத்தில்தான். சான்றிதழ் பெற்ற விமானத்தில் ஆட்டோபைலட் போட வேண்டும் என்றால் அந்த மாடலுக்கு அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. கொடுத்த எஸ்.டி.சி. என்கிற மாற்ற அனுமதி வேண்டும், நம் விருப்பத்துக்கு எதையும் மாட்ட முடியாது. 2016-இல் டைனான் டி10ஏ, பிறகு கார்மின் ஜி5 போன்ற, சாய்வைச் சின்னத் திரையில் காட்டுகிற, முதலில் வீட்டில் கட்டும் விமானங்களுக்கென்று வந்த கருவிகளைச் செஸ்னா, பைப்பர் மாதிரியான விமானங்களிலும் போடலாம் என்று வழி திறந்தது. அதற்கு முன்னால் சாய்வையும் மூக்கையும் பிடிக்கிற ஒரு நல்ல இரட்டை அச்சு ஆட்டோபைலட் போட்டால் விமானத்தின் விலையில் பாதி போய்விடும், அதனால்தான் இத்தனை 172-கள் ஒன்றுமே இல்லாமல் பறந்துகொண்டிருந்தன. வேன்ஸ் ஆர்வி மாதிரி விமானத்தை வீட்டிலேயே கட்டுகிற நண்பர்கள் சொல்லும் விலையைக் கேட்டு யாரும் ஏங்க வேண்டாம், அவர்கள் சர்வோவை, அதாவது விமானத்தின் கேபிள்களை இழுக்கிற மோட்டாரை வாங்கித் தாங்களே முடுக்கிக்கொள்ளலாம், அவர்களுக்கு எஸ்.டி.சி. தேவையில்லை, நமக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது.

எங்கள் முன்னால் இருந்தவற்றைச் சொல்கிறேன். இருக்கிற நாவ்-ஓ-மேட்டிக்கைப் பழுது பார்ப்பது முதல் யோசனை. விசாரித்ததில் அதைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஒரு பாகம் சரி செய்தால் அடுத்தது போகும், அதில் போடுகிற காசு திரும்பி வராது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பழையது உங்களிடம் இருந்தால் கழற்றாதீர்கள், இறந்துபோனதற்கு உயிர் கொடுக்கவும் முயலாதீர்கள். வேறொரு விமானத்திலிருந்து கழற்றிய பழைய எஸ்-டெக் 30 ஒன்று மலிவாக வந்தது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டுகிற கூலி புதியதற்கு ஆகிற அதே கூலி, உங்கள் மாடலுக்கான சர்வோ பிராக்கெட், சரியான வோல்டேஜ் இதெல்லாம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அது கூட்டிக் கழித்தால் மலிவில்லை.

ட்ரூட்ராக் விஷன், ட்ரியோ ப்ரோ பைலட் இரண்டையும் ரொம்ப நாள் யோசித்தோம். ட்ரூட்ராக்கை 2019-இல் பெண்டிக்ஸ்கிங் வாங்கிவிட்டது, பெயரும் ஏரோக்ரூஸ் 100 என்று மாறியது. முதலில் வந்தபோது விலை 5,000 டாலர் சுற்று. இந்த இரண்டுக்கும் சொந்தமாகவே உள்ளே சென்சார் இருக்கிறது, பேனலில் வேறு எதுவும் மாற்ற வேண்டாம், ஒரு ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். அதாவது உங்கள் வேக்யூம் மீட்டர்கள் எல்லாம் செத்தாலும் இது தனியாக உயிரோடு இருக்கும். ட்ரூட்ராக்கில் ஒரு பொத்தான் தட்டினால் விமானத்தை மட்டத்துக்குக் கொண்டுவரும், ட்ரியோவில் வந்த வழியே 180 டிகிரி திருப்பிவிடுகிற வசதி இருக்கிறது, வெளியே பார்த்து மட்டும் பறக்கத் தெரிந்த, தெரியாமல் மேகத்துக்குள் போய்விட்ட வி.எஃப்.ஆர். விமானிக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு என்ன வேண்டும்? எங்கள் மூவரில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர், நல்ல வானிலையில் மட்டும் பறப்பவர். அவர் தனியாக வைத்திருக்கும் விமானமாக இருந்தால் இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன், இன்றும் சொல்வேன்.

எஸ்-டெக் 3100 நல்ல கருவி என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். டெக்சாஸிலேயே மினரல் வெல்ஸில் செய்வது, பழைய மீட்டர்களோடும் புதிய திரைகளோடும் ஒத்துப்போகும், ஏற்கனவே எஸ்-டெக் சர்வோ போட்டிருக்கிற பொனான்சா மாதிரி விமானங்களுக்கு அந்த சர்வோக்களையே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. எங்களுக்கு அது எட்டாத விலை. டைனான் ஸ்கைவியூ எச்.டி.எக்ஸ். 172-க்கு 2018-இல் அனுமதி பெற்றது, ஆட்டோபைலட்டும் அதிலேயே வரும், ஆனால் அது பேனல் முழுவதையும் மாற்றுகிற முடிவு. பேனல் மாற்றுவதாக ஏற்கனவே நினைத்திருப்பவர்கள் அதையும் கட்டாயம் பாருங்கள்.

மிச்சம் கார்மின் ஜி.எஃப்.சி. 500. 2017-இல் அறிவித்தபோது இரட்டை அச்சுக்கு 6,995 டாலர் என்றார்கள். இந்த எண்ணை நம்பி யாரும் ஷாப்புக்குப் போக வேண்டாம். அது தனியாக நிற்கிற பெட்டி இல்லை, சாய்வைச் சொல்ல ஜி5 அல்லது ஜி.ஐ. 275 அல்லது ஜி3எக்ஸ் ஏதாவது ஒன்று வேண்டும், ஜி.பி.எஸ்.ஸோடு பேச ஒரு இணைப்புப் பெட்டி வேண்டும், திசை காட்ட இறக்கையில் ஒரு காந்தமானி வேண்டும், அப்புறம் கூலி. எங்களுக்கு வந்த மூன்று கொட்டேஷனும் அறிவித்த விலையைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதே நேரம் அந்தக் காசில் வருவது ஆட்டோபைலட் மட்டும் இல்லை. இரண்டு ஜி5 போட்டால் வேக்யூம் கைரோ இரண்டும் போய்விடும், ஒவ்வொரு ஜி5-க்கும் 4 மணி நேரம் வரை தாங்குகிற தன் பேட்டரி இருக்கிறது. நீல நிற லெவல் பொத்தான் இருக்கிறது, எப்படி இருந்தாலும் அதைத் தட்டினால் இறக்கையை மட்டமாக்கும். நாம் கையால் ஓட்டும்போதும் ரொம்பச் சாய்ந்தால் யோக்கை, அதாவது ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பித் தள்ளும், வேகம் குறைந்துகொண்டே போனால் மூக்கை இறக்கிக் காப்பாற்றும். ஜி.பி.எஸ். அப்ரோச்சைப் பக்கவாட்டிலும் செங்குத்திலும் பிடித்துக்கொண்டு இறங்கும்.

கூலி விஷயத்தில் எல்லா ஷாப்பும் ஒரே மாதிரிதான் பேசின: பாதிச் செலவு ஏற்கனவே இருக்கிற ஒயரைப் பொறுத்தது. நாற்பது ஐம்பது வருட விமானத்தில் எத்தனை கை பட்டிருக்கும்? பேனலுக்குப் பின்னால் எங்கும் போகாத ஒயர், டேப் சுற்றிய இணைப்பு, எப்போதோ கழற்றிய லோரான் என்கிற பழைய வழிகாட்டிப் பெட்டியின் கேபிள் எல்லாம் எங்களுடையதில் கிடந்தன. அதை வெட்டி எடுக்க ஆகும் நேரத்தைக் கொட்டேஷனிலேயே தனியாக எழுதிக் கேளுங்கள்.

எங்கள் முடிவு ஜி.எஃப்.சி. 500, இரண்டு ஜி5. காரணம் என் பத்து நிமிடம்தான். மேகத்துக்குள் பேனாவோடு இருக்கும்போது இறக்கையைப் பிடிக்க வேண்டும், அதே மேகத்துக்கு அடியில் இறங்க அப்ரோச்சையும் பிடிக்க வேண்டும், அதில் எதுவும் வேக்யூம் பம்பை நம்பி இருக்கக் கூடாது. மூன்றாமவர் வேலைக்காக டென்வர் பக்கம் அடிக்கடி போகிறவர், அவருக்கும் இதுவே ஒத்துவந்தது. பெரியவருக்கு முதலில் சம்மதம் இல்லை, இவ்வளவு காசுக்கு என்ஜினையே ஓவர்ஹால் செய்துவிடலாமே என்றார், அதில் நியாயமும் இருந்தது. லெவல் பொத்தானைப் பற்றிச் சொன்ன பிறகுதான் சரி என்றார். பிட்ச் டிரிம்முக்கு, அதாவது மூக்குக்கான டிரிம்முக்குத் தனி சர்வோ கூடுதலாக உண்டு, அதைச் சேர்த்துப் போட்டோம். அது இல்லாவிட்டால் டிரிம்மை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று திரையில் காட்டும், நாம்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், காசு பிரச்சினை என்றால் அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

பொருத்துவதைப் பற்றி. மூக்கைப் பார்க்கிற பிட்ச் சர்வோ வால் பகுதிக்குள் போகும், சாய்வைப் பார்க்கிற ரோல் சர்வோ இறக்கை மடலான எலரானின் கேபிளோடு சேரும். சர்வோ நேரடியாக எதையும் தள்ளுவதில்லை, பிரைடில் என்கிற சின்னக் கேபிள் ஒன்று அதன் கப்பியில் சுற்றி விமானத்தின் பிரதானக் கேபிளில் கவ்வியிருக்கும். இந்த இடத்தில்தான் எங்களுக்கு வினை வந்தது. விமானத்தை எடுத்துக்கொண்டு வந்த முதல் வாரமே உயரம் பிடிக்கச் சொன்னால் மூக்கு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, 40 அடி மேலே, 40 அடி கீழே. ஷாப்பில் சாப்ட்வேர் அமைப்பை மாற்றிப் பார்த்தார்கள், இரண்டு தடவை. குறையவில்லை. எங்கள் சொந்த மெக்கானிக் வால் பக்க மூடியைத் திறந்து அளந்து பார்த்தார், பிரைடில் தளர்வு, வால் மடலான எலிவேட்டரின் கேபிள் இழுவிசையும் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கீழே. இரண்டையும் சரி செய்ததும் விமானம் தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. அதனால் சொல்கிறேன், விமானத்தை ஷாப்பில் விடுவதற்கு முன்னாலேயே கேபிள் இழுவிசை, கப்பிகள், எலரான் எலிவேட்டரின் உராய்வு எல்லாம் பார்த்துச் சரி செய்துவிடுங்கள். உரசுகிற கப்பியை எந்த ஆட்டோபைலட்டும் வெல்ல முடியாது.

காந்தமானிக்கு இடம் பார்ப்பதும் சாதாரண வேலை இல்லை. பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூ இருக்கக் கூடாது, விளக்குகளுக்குப் போகிற மின்சாரம் அதைக் குழப்பக் கூடாது. இறக்கை நுனி விளக்கு, வேகம் அளக்கும் குழாயைச் சூடாக்குகிற பிட்டோ ஹீட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துத் திசை நகர்கிறதா என்று சோதிக்கிற ஒரு முறை இருக்கிறது, அந்தச் சோதனை முடிவைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உயர மீட்டருக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுபோகிற ஸ்டாட்டிக் குழாயைத் திறந்திருப்பார்கள், அதனால் கசிவுச் சோதனையும் உண்டு. செய்த மாற்றத்தைப் பதிகிற எஃப்.ஏ.ஏ. 337 படிவம், புது எடைக் கணக்கு, விமானக் கையேட்டுக்கான இணைப்பு மூன்றும் விமானத்தோடு வர வேண்டும், இதில் ஒன்று குறைந்தாலும் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பழகுவது. விமானம் திரும்பி வருவதற்கு முன் எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும், ஒரு பயிற்சியாளரோடு குறைந்தது மூன்று நான்கு தடவை நல்ல வானிலையில் பறந்து பழக வேண்டும் என்று நாங்கள் மூவரும் எழுதியே வைத்துக்கொண்டோம். ஒரு விஷயத்தை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஆட்டோபைலட் ஓடும்போது யோக்கைப் பிடித்துத் தள்ளாதீர்கள். நீங்கள் கீழே தள்ளினால் அது உயரத்தைக் காப்பதற்காக டிரிம்மை மேலே ஏற்றிக்கொண்டே போகும், கடைசியில் அதை விடுவிக்கும் நொடியில் மூக்கு வானத்தைப் பார்த்து எகிறும். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் முதலில் யோக்கில் இருக்கும் சிவப்புப் பொத்தான், அது கேட்காவிட்டால் சர்க்யூட் பிரேக்கர், அதுவும் இல்லாவிட்டால் மாஸ்டர் சுவிட்ச். பிரேக்கரில் ஒரு நிற வளையம் மாட்டிவிட்டோம், கண்ணை மூடிக்கொண்டு தொடுகிற அளவுக்கு. ஒவ்வொரு தடவையும் புறப்படுவதற்கு முன் தரையிலேயே ஆட்டோபைலட்டைப் போட்டு, யோக்கை எதிர்த்து இழுத்து நம் கை அதை வெல்கிறதா, சிவப்புப் பொத்தான் விடுவிக்கிறதா என்று பார்க்கிறோம். பத்து வினாடி வேலை.

வால் இட வலமாக ஆடுவதை அடக்குகிற யா டேம்பர் போடலாமா என்று பெரியவர் கேட்டார். பின் இருக்கையில் உட்கார்ந்தால் வால் ஆடுவது தெரிகிற நீளமான விமானங்களுக்கு அது சரி. 172-க்கு அந்தக் காசைப் பெட்ரோலில் போடலாம் என்று விட்டுவிட்டோம். போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேர்லாண்ட் போனேன், வழியில் மேகம், ஹூஸ்டன் கன்ட்ரோலர் வழக்கம்போல வழியை மாற்றினார். எழுதி முடித்து நிமிர்ந்தேன், இறக்கை மட்டமாக இருந்தது, அம்மா பின்னால் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள்.